மூணுநாலுவும் கோணல் மூலையும்

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். டைல்ஸ் ஒட்டுகிறவர்கள், பெயின்ட் அடிக்கிறவர்கள், குழாய் மாட்டுகிறவர்கள் எல்லோருக்கும் அவர் ‘மூணுநாலு’. முழுப்பட்டம் ‘மூணு நாலு அஞ்சு’. வாய் வலிக்கிறது என்று அஞ்சை விட்டுவிட்டார்கள்.

எந்த அறைக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் செய்கிற வேலை அது. நீளச் சுவரை ஒட்டி, சாயப்பொடி தோய்த்த ஒரு நூலைச் சுண்டித் தரையில் கோடு அடிப்பார். அந்த நூலில் மூலையிலிருந்து மூன்று மீட்டரில் ஒரு புள்ளி. அதே மூலையிலிருந்து அடுத்த சுவரை ஒட்டி இரண்டாவது நூல், அதில் நாலு மீட்டரில் ஒரு புள்ளி. இரண்டு புள்ளிக்கும் குறுக்கே டேப்பை இழுத்து, அது சரியாக ஐந்து மீட்டர் காட்டும்வரை இரண்டாவது நூலை இப்படியும் அப்படியும் நகர்த்துவார். ஐந்து வந்துவிட்டால், “அடி நூலை!” என்பார். அந்த மூலையில் ‘எல்’ வடிவ மூலைமட்டத்தை வைத்தால் ஒரு தலைமுடி நுழையாது.

இந்த வித்தையை அவருக்குக் கொடுத்தவர் கொத்தனாரான அவருடைய அண்ணன். ஏன், எதற்கு என்ற பேச்செல்லாம் கிடையாது. “மூணு, நாலு, அஞ்சு. பெரிய ஹாலா இருந்தா ஆறு, எட்டு, பத்து. சின்ன ரூம்னா ஒன்றரை, ரெண்டு, ரெண்டரை. போ, வேலையைப் பாரு.” அவ்வளவுதான் பாடம். தம்பியும் கேட்கவில்லை. முப்பது வருஷம் அந்த மூன்று எண்களைப் பிடித்துக்கொண்டே ஊரில் பாதித் தரைகளைப் பதித்துவிட்டார்.

டேப்பின் மறுமுனையைப் பிடிப்பது அவர் மனைவி. இருபது வருஷமாக அவர் கல் பதிக்க, அவள் கலவை குழைத்து, டேப் நுனியைப் பிடித்து, இடுக்குகளைத் துடைத்து வருகிறாள். பெயின்டர் அவளுக்கு வைத்த பெயர் ‘நுனி அக்கா’. இரண்டு பேரும் ஒரு நாளில் பேசிக்கொள்வது இருபது வார்த்தை இருக்காது. “பிடி.” “பிடிச்சாச்சு.” “விடு.” இதிலேயே ஒரு மகளை வளர்த்து, படிக்க வைத்து, கல்யாணமும் செய்து கொடுத்துவிட்டார்கள்.

அப்படிப்பட்ட மனிதருக்கு இந்த வருஷம் ஐம்பத்தாறு பிறந்தது. கூடவே ஒரு பயமும் பிறந்தது.

அண்ணனுக்கும் ஐம்பத்தாறில்தான் ஆரம்பித்தது. ஒரு நாள் சுவர் எழுப்பிக்கொண்டே போனவர், வாசலுக்கு இடம் விடாமல் நாலு பக்கமும் கட்டி முடித்துவிட்டு உள்ளே நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆறு மாதம் கழித்து யாரும் சிரிக்கவில்லை. மிச்சச் செங்கல்லை வாசலில் வரிசையாக அடுக்கிக் கலைத்து, மறுபடி அடுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இப்போது தன் கையைத் தானே தூக்கிப் பார்த்து, “இது யாருது?” என்று கேட்கிறார். அந்தக் கேள்வியைத் தம்பி காதால் கேட்ட நாளிலிருந்து அவர் நெஞ்சில் ஒரு முள் தைத்தபடியே இருக்கிறது.

முள் அசையத் தொடங்கியது பல் மருத்துவரின் அறையில். நோயாளிகள் காத்திருக்கும் முன்னறை, இரண்டடிக்கு இரண்டடி வெள்ளைக் கல். வழக்கம்போல இரண்டு நூலை ஒட்டியும் முதல் வரிசைகளைப் பதித்து, காயவிட்டு, மறுநாள் காலையில் நடுவில் நிரப்ப உட்கார்ந்தார். முதல் கல்லே உட்காரவில்லை. ஒரு பக்கம் ஒட்டி நின்றது. மறு பக்கம் ஆப்பு மாதிரி இடைவெளி. பென்சிலை விட்டுப் பார்த்தார். தாராளமாக நுழைந்தது.

“உங்க சுவர் கோணல் டாக்டர்” என்றார்.

“என் சுவரா?”

“சுவர்தான். கட்டினவன் சரியில்ல.”

கல்லைத் தேய்த்து, இடுக்கைக் கலவையால் மூடி, எப்படியோ ஒப்பேற்றிவிட்டு வந்தார். அடுத்தது ஒரு மாடி வீட்டின் கூடம். அங்கேயும் அதே ஆப்பு, அதே பென்சில். இரண்டு வரிசையையும் பெயர்த்தார். மறுபடி டேப்பைப் பிடித்தார். மூணு. நாலு. அஞ்சு. டேப் சத்தியம் செய்தது. மூலைமட்டத்தை வைத்தார். அது இல்லை என்று தலையாட்டியது.

எதை நம்புவது? மூலைமட்டம் எங்கேயோ விழுந்து வளைந்திருக்கும் என்று புதிதாக ஒன்று வாங்கினார். புதியதும் பழையது சொன்னதையே சொன்னது. டேப் நீண்டிருக்குமோ என்று பெயின்டரின் டேப்பைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் நீட்டிப் பார்த்தார். கோட்டுக்குக் கோடு ஒத்துப்போனது. கடைசியில் கண்ணாலும் கையாலும் துழாவித்தான் அந்தக் கூடத்தை முடித்தார்.

டேப்பில் குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. இரண்டு மாதம் முன்பு மாடிப்படியில் விழுந்து நுனிக் கொக்கி உடைந்துபோயிருந்தது. முதல் சில கோடுகளும் நசுங்கிப்போயின. அதற்காக நல்ல டேப்பைத் தூக்கிப் போடுவதா? “பத்தை விட்டுப் பிடி” என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். அவள் பத்து சென்டிமீட்டர் கோட்டை மூலையில் வைத்துப் பிடிப்பாள். இவர் வாசிக்கும் எண்ணில் பத்தைக் கழித்துக்கொள்வார். சுவர் நீளம், கதவு அகலம் எதிலும் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. மூணு நாலு அஞ்சுக்கு மட்டும் கழிப்பது கூட்டுவது எதுவும் வேண்டாம் என்று முதல் நாளே முடிவு செய்திருந்தார். மூன்று பக்கத்திலும் அதே பத்துதானே குறைகிறது? ரெட்டித்தாலும் கெடாத கணக்கு, பாதியாக்கினாலும் கெடாத கணக்கு, துளி குறைந்தால் கெட்டா போகும்? இப்படி யோசித்ததில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஆகவே டேப் குற்றவாளி இல்லை. மூலைமட்டம் குற்றவாளி இல்லை. மிச்சம் இருந்தது அவர் தலைதான்.

அதன் பிறகு அவர் தன்னைத் தானே வேவு பார்க்க ஆரம்பித்தார். குளிக்கும்போது மகளின் போன் நம்பரை முணுமுணுப்பார். பஸ்ஸில், போன வாரம் செய்த வேலைகளை வரிசையாகச் சொல்லிப் பார்ப்பார். ஒரு நாள் மூக்குக் கண்ணாடியைக் காணவில்லை என்று வீட்டைப் புரட்டிப் போட்டார்.

“நெத்தியில இருக்குங்க” என்றாள் மனைவி.

வேறு யாராவது இருந்தால் சிரித்திருப்பார்கள். இவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இறந்துபோன பறவையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவள் அடுப்பு பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று அவள் கண் கலங்கியது புகையால் இல்லை. அவர்கள் வீட்டில் கேஸ் அடுப்பு.

டீக்கடையில் செய்தி பரவ எத்தனை நேரம் ஆகும்?

“என்ன மூணுநாலு அண்ணே, இப்பல்லாம் மூணு, நாலு, ஆறே முக்காலாமே?” என்றான் பெயின்டர்.

“உன் சுவத்துல வழியுற பெயின்ட்டைத் துடைடா முதல்ல.”

“சுவத்துல வழிஞ்சா ரெண்டாவது கோட்டிங்ல மறைச்சுடுவேன். தரை கோணினா என்னண்ணே பண்ணுவீங்க, மேல நாற்காலியைப் போட்டு மறைப்பீங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அண்ணனும் முதலில் இப்படித்தான் சிரித்தார் என்று நினைவு வந்ததும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மகளுக்கு அம்மா வழியாக விஷயம் போனது. அவள் அழவில்லை, கத்தவில்லை. நரம்பு டாக்டரிடம் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டுப் போன் செய்தாள்.

“வாங்கப்பா, சும்மா பார்த்துட்டு வந்துடலாம்.”

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா.”

“பெரியப்பாவும் அதைத்தாம்ப்பா சொன்னாரு.”

அவர் போனை வைத்தார். அப்புறம் அவர் மனைவியைப் பார்த்துச் சொன்னார்: “பள்ளிக்கூட வேலை ஒண்ணு கையில இருக்கு. அந்த ரூமும் கோணிச்சுன்னா கொத்துக்கரண்டியைக் கழுவிப் பரண்ல போட்டுடறேன். பெத்த பொண்ணு கையால சோறு வாங்கித் தின்னுட்டு வாசல்ல உட்கார்ந்திருக்கேன். போதுமா?”

“என்ன பேச்சுங்க இது!” என்றாள் அவள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் அவரை அறுத்தது.

பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. கணக்கு வகுப்பறையில் பெஞ்சுகளை வராந்தாவில் அடுக்கியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை அவர் கோயில் கருவறைக்குள் போவதுபோல மெதுவாகப் போனார். “பிடி.” “பிடிச்சாச்சு.” மூன்றை மூன்று தடவை பார்த்தார். நாலை நாலு தடவை. ஐந்தைப் பார்க்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். நூல் அடித்தார். மூலைமட்டத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. எடுக்கத் துணிச்சல் வரவில்லை. இரண்டு வரிசையும் பதித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

புதன் காலை. முதல் கல்லைக் கையில் ஏந்தி, உட்காருமிடத்தில் இறக்கினார்.

ஒரு பக்கம் ஒட்டியது. மறு பக்கம் வாயைப் பிளந்தது.

அவர் பென்சிலை எடுக்கவில்லை. ரப்பர் சுத்தியலைத் தரையில் வைத்தார். கரண்டியை அதன் பக்கத்தில் வைத்தார். “முடிஞ்சுது” என்றார்.

மனைவி வராந்தாவுக்குப் போனாள். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. வாளி எதுவும் வைத்த சத்தம் இல்லை. தண்ணீர் சத்தத்துக்கு நடுவே, “நாளைக்கே கூட்டிட்டு வரேன்டி…” என்று போனில் அவள் உடைந்த குரல்.

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. தாடி வைத்த ஒரு கிழவர். அவருக்குக் கீழே ஒரு முக்கோணம். முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சதுரம் ஒட்டியிருந்தது. சதுரத்துக்குள் கட்டம் கட்டமாகக் கோடு. கல் பதிக்கிறவன் கண்ணுக்கு அது கட்டமாகத் தெரியுமா? டைல்ஸாகத் தெரிந்தது. பழக்கதோஷத்தில் எண்ணினார். ஒரு பக்கத்தில் மூன்று கல். இன்னொன்றில் நாலு. நீளமான பக்கத்தில்… ஐந்து.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் வீட்டு அலமாரியில் இருக்கும் பொருளை அந்நியர் வீட்டுச் சுவரில் பார்த்தவர்போல எழுந்து நின்றுவிட்டார்.

“படத்தைக் கழட்டணுமா?” என்று வாசலில் குரல். தலைமை ஆசிரியை.

“இல்லம்மா… இவர் யாரு? கொத்தனாரா?”

“பிதாகரஸ். கிரேக்க நாட்டுக் கணக்கு மேதை. ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் முன்னால இருந்தவர்.”

“முகத்தைப் பார்த்தா நம்ம சிமென்ட் கடைக்காரர் மாதிரியே இருக்கு.”

“அந்த முகத்தை நம்பாதீங்க, யாரோ கற்பனையா வரைஞ்சது. அவர் கைப்பட எழுதினதுன்னு ஒரு துண்டுகூட இன்னிக்கு இல்ல. அவருக்கு முன்னாடியே வேற நாடுகள்ல இந்தக் கணக்கு தெரிஞ்சிருந்ததுன்னும் சொல்றாங்க.”

அவருக்குத் தலை சுற்றியது. “அப்போ முகமும் அவரோடது இல்ல, கணக்கும் அவரோடது மட்டும் இல்ல. பேரு மட்டும்தான் அவருதா?”

“கிட்டத்தட்ட அப்படித்தான்” என்று சிரித்தார் ஆசிரியை. “நான் சரித்திரம் நடத்துறவ. கணக்குன்னா எனக்கும் கொஞ்சம் தகராறு. சின்ன சதுரம் ரெண்டையும் கூட்டினா பெரிய சதுரம் வரும், மூலை நேரா இருந்தா. அவ்வளவுதான் தெரியும்.”

“இவர் என்னிக்காவது தப்பாப் போட்டிருப்பாரா அம்மா?”

அந்தக் கேள்வியில் இருந்த ஏக்கம் அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. “திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்குது” என்று மட்டும் நினைவூட்டிவிட்டுப் போனார்.

கை கழுவும் தொட்டிக்குப் பின்னால் ஒட்ட, பத்து சென்டிமீட்டர் சதுரக் கல் ஒரு பெட்டி வந்திருந்தது. அவர் அதைப் பிரித்தார். படத்தைப் பார்த்துப் பார்த்துத் தரையில் அடுக்கினார். மூன்றுக்கு மூன்று, ஒன்பது கல். நாலுக்கு நாலு, பதினாறு. ஐந்துக்கு ஐந்து, இருபத்தைந்து. மூன்று சதுரங்களும் மூலையோடு மூலை தொட, நடுவில் வெறும் தரையில் ஒரு முக்கோணம் தானாக உருவானது. மூலைமட்டத்தை அதற்குள் வைத்தார். தலைமுடி நுழையாது.

பிறகு ஒன்பதையும் எடுத்து இருபத்தைந்தின்மேல் ஒவ்வொன்றாக வைத்தார். பதினாறையும் எடுத்து வைத்தார். மிச்சம் இல்லை. பற்றாக்குறை இல்லை. இருபத்தைந்தும் மூடிக்கொண்டது. முப்பது வருஷமாக வாயில் வைத்துச் சுற்றிய எண்களுக்குள் இத்தனை கல் இருந்ததா? யாரும் சொல்லவில்லையே!

முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்த மனைவி அந்தக் காட்சியைப் பார்த்தாள். தரையில் சம்மணம் போட்டு, சின்னக் கற்களை அடுக்கிக் கலைத்துத் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கும் கணவர். வாசலில் செங்கல் அடுக்கிய அவர் அண்ணன் அவள் கண்முன் வந்து நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயோ… உங்களுக்கும் ஆரம்பிச்சுடுச்சா?”

“டேப்பை எடு.”

“வேண்டாங்க, வீட்டுக்குப் போயிடலாம். எழுந்திருங்க, என் ராஜா இல்ல…”

“இந்தா, அழுதுகிட்டே பிடி. கல்லு மூலை நேரா இருக்குங்குது. இதே அளவை டேப்புல போட்டா என்ன வருதுன்னு பார்க்கணும். முப்பது, நாப்பது, அம்பது. பிடி!”

அவள் விசும்பிக்கொண்டே குந்தி, நுனியைப் பிடித்தாள். அவர் முப்பதில் ஒரு கோடு போட்டார். நாற்பதில் ஒரு வளைவு. ஐம்பதில் ஒரு வளைவு. இரண்டும் வெட்டிக்கொண்ட இடத்தைச் சேர்த்தார்.

அது முக்கோணமா? காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்த சோம்பேறி மாதிரி விரிந்து கிடந்தது. மூலையில் மூலைமட்டத்தை வைத்தார். பென்சில் என்ன, அவருடைய நாலு விரல் நுழைந்தது.

அவர் அந்த மூலையையே பார்த்தார். பிறகு டேப்பின் வழியே கண்ணை ஓட்டி, மறுமுனையில் இருந்த அந்தத் தேய்ந்த கட்டை விரலைப் பார்த்தார்.

“எங்க பிடிச்சிருக்க?”

“பத்துலதான். நீங்கதானே பத்தை விட்டுப் பிடின்னு சொன்னீங்க? ரெண்டு மாசமா அப்படித்தானே பிடிக்கிறேன்!”

அவர் கோடுகளின் மேல் சின்னக் கல்லை வைத்தார். முப்பது என்று நினைத்த பக்கத்தில் இரண்டு கல்தான் பிடித்தது. நாற்பதில் மூன்று. ஐம்பதில் நாலு. விரலை மடக்கினார். இரண்டுக்கு இரண்டு நாலு. மூன்றுக்கு மூன்று ஒன்பது. கூட்டினால் பதின்மூன்று. நாலுக்கு நாலு… பதினாறு. எண்ணத் தெரிந்த அத்தனை விதத்திலும் எண்ணினார்.

“மூணு கல்லு குறையுதுடி.”

“எங்க குறையுது? பெட்டி முழுசாத்தான் வந்துச்சு.”

“பெட்டியில இல்ல! கணக்குல!” அவர் குரல் அறையில் முட்டித் திரும்பியது. “எல்லாத்துலயும் பத்துதானே குறையுதுன்னு விட்டேன். ரெட்டிச்சா கெடாது, பாதியாக்கினா கெடாது, அதனால கழிச்சாலும் கெடாதுன்னு நானா நெனைச்சுக்கிட்டேன். கெடுது! சின்ன முக்கோணத்துல பல்லை இளிக்குது. பெரிய ரூம்ல கொஞ்சமா கோணி ஒளிஞ்சுகிட்டு இருந்திருக்கு. எனக்கு மறக்கலடி! நான் மறந்து செய்யல. எனக்குத் தெரியாது. தெரியவே தெரியாது! முப்பது வருஷமா எனக்கு இது தெரியாது!”

உலகத்தில் தனக்குத் தெரியாது என்பதை இத்தனை ஆனந்தமாக ஒரு மனிதன் கத்தியிருப்பானா! கண்ணீர் சிமென்ட் படிந்த கன்னத்தில் இரண்டு கோடு போட்டு இறங்கியது.

அவளுக்கு முக்கோணம் புரியவில்லை. மனிதர் புரிந்தது. அருகில் வந்து உட்கார்ந்தாள்.

“அப்போ… பைத்தியம் இல்லையா?”

“இல்ல. முட்டாள்தான்.”

“நிஜமாவா?”

“நீயே சொல்லு.”

“முட்டாள்” என்றாள் அவள், மெதுவாக.

“இன்னொரு தடவை சொல்லு.”

“முட்டாள்! முட்டாள்! ரெண்டு மாசமா என் உயிரை எடுத்த முட்டாள்!” அவர் தோளில் குத்திக்கொண்டே அழுதாள். அவர் அந்தக் குத்தை எல்லாம் வரவாக வாங்கிக்கொண்டார்.

மகளுக்குப் போன் போட்டார்கள். அப்பா மூச்சுவிடாமல் ஒன்பது, பதினாறு, பதின்மூன்று என்று கொட்டினார். மகள் பொறுமையாகக் கேட்டாள்.

“சரிப்பா. இருந்தாலும் நாளைக்கு வாங்க.”

“என்னம்மா, நம்பலையா?”

“கண்ணாடியை நெத்தியில வெச்சுத் தேடினது எந்த முக்கோணத்துலப்பா வருது?”

அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சிரித்தார். வர ஒப்புக்கொண்டார். போகிற வழியில் பல் மருத்துவரைப் பார்த்து, உங்கள் சுவர் நேராகத்தான் இருக்கிறது, கோணினது நான்தான் என்று சொல்ல வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டார். மாடி வீட்டுக்காரரிடமும் போக வேண்டும். அது அத்தனை இனிப்பான வேலை இல்லை.

கோணிய வரிசைகளைப் பெயர்த்தார்கள். நூல் அடித்த கோட்டை அழித்தார்கள். அவள் பத்தில் பிடித்தாள். அவர் மூணு மீட்டர் பத்து, நாலு மீட்டர் பத்து, அஞ்சு மீட்டர் பத்து என்று வாய்விட்டுச் சொல்லிப் புள்ளி வைத்தார். “அடி நூலை!” மூலைமட்டம் வந்து உட்கார்ந்தது, சொந்த வீட்டுக்கு வந்ததுபோல. முதல் கல்லை வெறுமனே வைத்துப் பார்த்தார். நாலு பக்கமும் வாய் மூடிக்கொண்டது.

அவள் கலவையைக் குழைத்தபடி படத்தில் இருந்த தாடிக்காரரைப் பார்த்தாள். ஏதோ யோசனை ஓடியது.

“ஏங்க.”

“ம்?”

“ரெட்டிச்சா கெடலை, பாதியாக்கினா கெடலைன்னீங்க. அப்புறம் பத்தே பத்து கழிச்சா மட்டும் ஏங்க கெடுது?”

அவர் கரண்டியை நிறுத்தினார். தாடிக்காரரைப் பார்த்தார். பெட்டிக்குள் திரும்பிப் போயிருந்த ஐம்பது கற்களைப் பார்த்தார். புருவம் சுருங்கியது. எவ்வளவு தோண்டியும் ஒன்றும் கிடைக்கவில்லை. முகம் மெல்ல மலர்ந்தது.

“தெரியல” என்றார்.

சொல்லிவிட்டு அடுத்த கல்லுக்குக் கை நீட்டினார்.